மைக்குக்கு முன் ஒரு பாரஸீகப் பெண்

தெனாலிராமன் கதைகளில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ராயருக்கு எவ்வளவு கோபம் வந்தாலும், "இவன் தலையை வாங்குங்கள்!" என்று எத்தனை முறை உத்தரவு போட்டாலும், கதை முடிவதற்குள் ராயரே சிரித்து விடுவார். தலை தப்பிவிடும். போதாதற்கு ஒரு பொன்முடிப்பும் கிடைக்கும். கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

ஆனால் சரித்திரத்தில் வரும் ராயர்கள் எல்லோரும் அவ்வளவு நல்லவர்கள் அல்ல. அவர்களில் பலருக்குச் சிரிக்கவே தெரியாது. சிரிக்கத் தெரியாத ஆட்சியிடம் அகப்பட்டுக்கொண்ட விகடகவியின் கதி என்ன? அவனுக்குச் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் கதி என்ன?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் குடும்பம் ஒன்று லண்டன் மாநகரில் இருக்கிறது. தகப்பனாரின் பெயர் ஹாதி கோர்ஸந்தி. பாரஸீக மொழியில் எழுதிய பிரசித்தமான ஹாஸ்ய ஆசிரியர். மகளின் பெயர் ஷாபரக் கோர்ஸந்தி. பிரிட்டிஷ் ரேடியோ நேயர்களும் தொலைக்காட்சி ரசிகர்களும் அவரை வெகு காலம் ஷாப்பி என்ற சுருக்கப் பெயரால் அறிந்திருந்தார்கள். தகப்பனாரின் ஹாஸ்யம் அவருக்குச் சொந்த நாட்டையே நஷ்டமாக்கியது. மகளுடைய ஹாஸ்யமோ, புகலிடம் கொடுத்த நாட்டின் ஒலிபரப்பில் அவருக்கு ஓர் இடத்தைத் தேடிக் கொடுத்தது. அந்த இடம் சும்மா கிடைத்துவிட்டதா, அதற்கும் ஏதேனும் விலை கொடுக்க வேண்டியிருந்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ருத்திராட்சப் பூனையின் தேசம்

பாரஸீகர்கள் நேற்றுத்தான் சிரிக்கக் கற்றுக்கொண்டவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். பதினாலாம் நூற்றாண்டில் உபைத் ஜாக்கானி என்ற கவிஞர் அங்கே இருந்தார். எலியையும் பூனையையும் பற்றி அவர் பெயரால் ஒரு சிறு காவியம் வழங்கி வருகிறது. பாவங்களுக்காகக் கண்ணீர் விட்டுப் பக்தி வேஷம் போடும் பூனை ஒன்று; அதை நம்பிப் பரிசுகளுடன் போய்ச் சேரும் எலிகள். முடிவு என்ன ஆயிற்று என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய ருத்திராட்சப் பூனைதான் அங்கே பாரஸீக உடை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது!

பின்னால் பத்திரிகைகள் தோன்றின. 1906-ம் வருஷத்தில் ஈரானிய மக்கள் கிளர்ச்சி செய்து, மன்னரிடமிருந்து ஓர் அரசியல் சட்டத்தையும் பார்லிமெண்டையும் பெற்றார்கள். மறு வருஷம் 'ஸூரே இஸ்ராஃபீல்' என்ற பத்திரிகை வெளிவந்தது. அதில் அலி அக்பர் தேஹ்கோதா என்ற இளைஞர் 'சரந்த் பரந்த்' என்ற தலைப்பில் எழுதினார். 'சரந்த் பரந்த்' என்றால் 'வெட்டிப் பேச்சு' என்று அர்த்தம். ஆனால் அந்த வெட்டிப் பேச்சு, அரண்மனையையும் பிரபுக்களையும் போலி மதவாதிகளையும் வெட்டிக்கொண்டே போயிற்று. 1908 ஜூன் மாதத்தில் மன்னர் முகம்மது அலி ஷாவின் படைகள் பார்லிமெண்ட் கட்டிடத்தின் மேல் பீரங்கி கொண்டு சுட்டன. அந்தப் பத்திரிகையை நடத்திய மீர்ஸா ஜஹாங்கீர் கான் கொல்லப்பட்டார். தேஹ்கோதா ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்று, ஸ்விட்ஸர்லாந்தில் இருந்துகொண்டு அதே பத்திரிகையில் இன்னும் சில இதழ்களை வெளியிட்டார். பிற்காலத்தில் பாரஸீக மொழிக்கு மாபெரும் அகராதி ஒன்றைத் தொகுத்த மகானும் அவரேதான்.

நாடு கடந்து போய்ச் சிரிப்பை அச்சிடும் வழக்கம் ஆக, அந்நாட்டில் புதிதன்று. 1920-களில் தொடங்கிய 'தௌஃபிக்' என்ற ஹாஸ்ய வாரப் பத்திரிகை, இடையிடையே தடைகளைக் கண்டும் பிழைத்து வந்து, கடைசியில் 1971-ல் ஷாவின் ஆட்சியில் ஒரேயடியாக நின்று போயிற்று. ஷாவும் போனார். 1979-ல் புரட்சி வெற்றி பெற்றுப் புதிய ஆட்சி வந்தது. ராயர் மாறினார், ஆனால் சிரிக்கும் ராயர் வரவில்லை.

ஹாதி கோர்ஸந்தி பழைய ஆட்சியின் காலத்திலேயே ஹாஸ்ய எழுத்தாளராகப் பெயர் வாங்கியவர். புதிய ஆட்சியையும் அவர் விட்டு வைக்கவில்லை. அவருடைய எழுத்து, புரட்சியை அவமதிக்கிறது என்று கொள்ளப்பட்டது. அதன் பிறகு ஈரானில் அவருக்கு இடமில்லை. குடும்பம் லண்டனில் தங்கிவிட்டது. அங்கிருந்துகொண்டே அவர் 'அஸ்கர் ஆகா' என்ற ஹாஸ்யப் பத்திரிகையை நடத்தினார். உலகத்தின் பல பாகங்களில் சிதறிக் கிடந்த ஈரானியர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

கடல் கடந்து போய்விட்டால் ஆபத்து விட்டது என்று நினைப்போம். அப்படியும் இல்லை. 1984-ம் வருஷம், லண்டனிலேயே அவரைக் கொல்வதற்குச் சதி நடப்பதைப் பிரிட்டிஷ் போலீஸார் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷத்தில் அவருடைய மகளுக்கு வயது பதினொன்று.

இரண்டு குரல்கள்

ஷாபரக் பிறந்தது 1973-ம் வருஷம், தெஹ்ரான் நகரில். லண்டனுக்கு வந்தபோது சிறு குழந்தை. வீட்டில் பாரஸீக மொழி. தெருவிலும் பள்ளியிலும் ஆங்கிலம். இந்த வாழ்க்கையைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் ஒரு நூல் எழுதினார். 2009-ல் வெளியான அந்நூலுக்கு அவர் கொடுத்த பெயர், 'ஆங்கிலேயராக நடிப்பதற்குப் பால பாடம்' என்று பொருள்படும். நாடு விட்டு நாடு போய்க் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தத் தலைப்பு ஒன்றே போதும். உள்ளே என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் 'ஈரான்' என்ற சொல் எவ்வாறு ஒலித்தது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1979 நவம்பரில் தெஹ்ரானிலிருந்த அமெரிக்க ஸ்தானிகராலயம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1980 ஏப்ரல் 30-ந் தேதி லண்டனில் இருந்த ஈரானிய ஸ்தானிகராலயத்தில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் புகுந்து 26 பேரைப் பிடித்து வைத்தார்கள். ஆறாம் நாள் பிரிட்டிஷ் விசேஷப் படையினர் ஜன்னல்களைத் தகர்த்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அந்தக் காட்சி அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, லட்சக்கணக்கான வீடுகளில் ஜனங்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அந்த வாரம் லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் உட்கார்ந்திருக்கும் ஈரானியச் சிறுமியின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஹாஸ்ய நிகழ்ச்சிகளாவது ஆறுதல் கொடுத்தனவா என்றால், அதுவும் சந்தேகந்தான். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பு மக்களைப் போல் ஆடிப்பாடும் நிகழ்ச்சி ஒன்றைப் பி.பி.ஸி. தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரையில், இருபது வருஷ காலம், குடும்பப் பொழுதுபோக்காகக் காட்டி வந்தது. மேடைகளில் நின்று ஹாஸ்யம் பேசியவர்களிலும் பலருக்கு வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவன்தான் சுலபமான கேலிப் பொருள். அவன் பேசும் ஆங்கிலம், சாப்பிடும் சாப்பாடு, நிறம் எல்லாமே சிரிப்புக்கு இடம். சிரிக்க வைக்கும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

இந்த நிலை மாறத் தொடங்கியதும் அதே 1979-ம் வருஷத்தில்தான் என்பது ஓர் ஆச்சரியம். அந்த மே மாதம் லண்டனில் ஸோஹோ வட்டாரத்தில் 'காமெடி ஸ்டோர்' என்ற சிறிய ஹாஸ்ய மன்றம் திறக்கப்பட்டது. அங்கே கூடிய இளைஞர்களில் பலர், நிறத்தையும் பெண்களையும் கேலி செய்து சிரிப்பு வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஊரிலுள்ள பலவீனர்களை விட்டுவிட்டு, அதிகாரத்தில் உள்ளவர்களையும் தங்களையுமே கேலி செய்தார்கள். தெஹ்ரானில் ஒரு கதவு சாத்தப்பட்ட வருஷத்தில், அந்தச் சிறுமிக்குத் தெரியாமலே லண்டனில் ஒரு கதவு திறந்திருந்தது.

நின்றுகொண்டு பேசும் வித்தை

'ஸ்டாண்ட்-அப்' என்று சொல்லப்படும் இந்த ஹாஸ்யக் கலையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லலாம். நம்முடைய கதாகாலட்சேபத்தை ஒருவாறு இதற்கு உவமை கூறலாம். ஆனால் இதில் பின்பாட்டு இல்லை, மிருதங்கம் இல்லை. புராணக் கதையும் இல்லை. ஒரு மேடை, ஒரு மைக், ஓர் ஆள், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய கதை சொந்த வாழ்க்கை. சபையோர் சிரித்தால் பிழைத்தார். சிரிக்காவிட்டால் அந்த மௌனத்துக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு நிமிஷம் ஒரு யுகமாகத் தோன்றும் என்பார்கள்.

ஷாபரக், வின்செஸ்டர் நகரத்துக் கலாசாலையில் நாடகமும் தொலைக்காட்சியும் பயின்று 1995-ல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் நகரத்துச் சிறிய ஹாஸ்ய மன்றங்களில் பேசத் தொடங்கினார். பெரிய அளவில் பெயர் வருவதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் பிடித்தன.

2006-ல் அவர் எடின்பரோ நகரத்துக் கலைவிழாவில் ஒரு தனி நிகழ்ச்சி நடத்தினார். இந்த விழாவின் பூர்வோத்தரமும் சுவாரஸ்யமானது. 1947-ல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா ஒன்று முதன் முதலாக நடந்தபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து சேர்ந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. அழைக்கப்படாமல் வந்தவர்களின் அந்த விழாவே நாளடைவில் 'ஃப்ரின்ஜ்' என்ற பெயரில் மூல விழாவைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்துவிட்டது. அத்தகைய விழாவில் நம் கதாநாயகியின் நிகழ்ச்சிக்குப் பெயர் 'அஸைலம் ஸ்பீக்கர்'. ஆங்கிலத்தில் 'அஸைலம் ஸீக்கர்' என்றால் புகலிடம் தேடி வந்தவர். ஓர் ஒலியைச் சேர்த்து, அதைப் 'புகலிடத்தில் பேசுகிறவர்' என்று மாற்றிவிட்டார்! 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்ததற்குப் பின், வெளிநாட்டுப் பெயருள்ளவர்களை ஜனங்கள் சற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சமயத்தில் இந்தத் தலைப்புடன் மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுறுதி வேண்டியிருந்தது.

இந்தப் பாதையில் அவருக்கு முன்னால் போனவர் ஒருவர் உண்டு. ஓமித் ஜலீலி என்பவர் 1965-ல் லண்டனிலேயே ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர். 1995-ல் எடின்பரோவில் பெயர் பெற்று, ஹாலிவுட் சினிமாக்களிலும் நடித்து, 2007-ல் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் அவர் மேடையில் பல குரல்களிலும் உச்சரிப்புகளிலும் பேசி ஆடிப் பாடிக் காட்டுபவர். ஷாபரக்கின் முறை வேறு. அடுத்த வீட்டுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசுவது போல் பேசுவார். ரேடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு எது?

ஒரே ஒரு நிமிஷம்

பி.பி.ஸி.யின் 'ரேடியோ நான்கு' என்ற நிலையம், யுத்த காலத்தில் பெயர் பெற்ற 'ஹோம் ஸர்வீஸ்' என்பதன் வாரிசு. 1967-ல் அதற்கு இந்தப் பெயர் வந்தது. செய்தி, நாடகம், சர்ச்சை இவற்றுடன் ஹாஸ்யத்துக்கும் அது தாயகம். மாலை ஆறு மணிச் செய்தியைக் கேட்டு முடித்ததும், ஆறரை மணிக்கு ஹாஸ்ய நிகழ்ச்சி. உலகத்துத் துக்கங்களையெல்லாம் அரைமணி நேரம் கேட்ட பிறகு, அரைமணி நேரம் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பது ஏற்பாடு போலும்!

அந்த நிலையத்தின் புராதனமான ஹாஸ்ய நிகழ்ச்சிகளில் ஒன்று 'ஜஸ்ட் எ மினிட்'. 1967 முதல் நடந்து வருகிறது. விதிகள் எளியவை. தலைவர் ஒரு விஷயத்தைக் கொடுப்பார். அதைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்ன சொல்லை மறுபடியும் சொல்லக் கூடாது, விஷயத்தை விட்டு விலகக் கூடாது. எதிரில் உள்ளவர்கள் தவறு கண்ட மாத்திரத்தில் மணியடித்து மடக்குவார்கள். இதைக் கண்டுபிடித்தவர் இயான் மெஸ்ஸிட்டர். பள்ளி நாளில் வகுப்பில் கவனமில்லாமல் இருந்ததற்காக அவருடைய உபாத்தியாயர் விதித்த தண்டனை ஒன்று பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்கு நினைவு வந்து, அதுவே விளையாட்டாகிவிட்டதாம். முதல் நாளிலிருந்து ஐம்பது வருஷங்களுக்கு மேலாக நிகோலஸ் பார்ஸன்ஸ் என்பவரே அதன் தலைமை வகித்து, 2020-ல் காலமானார்.

கேட்பதற்குக் குழந்தை விளையாட்டாகத் தோன்றும். வீட்டில் ஒரு முறை முயன்று பாருங்கள்! தாய்மொழியிலேயே இருபது விநாடிக்குள் நாக்குத் தடுமாறும். ஆங்கிலத்தைத் தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு பெண், அந்த மொழியில் பழுத்த பேர்வழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இந்த விளையாட்டில் கலந்துகொண்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கவனம் ஓரிடத்தில் நில்லாமல் தாவும் இயல்பு தமக்கு உண்டு என்று வைத்தியர்கள் நிர்ணயித்ததைப் பற்றி அவர் பிற்காலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அத்தகையவரை, 'விஷயத்தை விட்டு விலகாதே' என்று கட்டளையிட்ட விளையாட்டில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்!

வாரந்தோறும் நடந்த செய்திகளைக் கேள்வி பதில் பாவனையில் கிண்டல் செய்யும் 'நியூஸ் க்விஸ்' என்ற நிகழ்ச்சியிலும் அவர் பங்கு கொண்டார். 1977-ல் தொடங்கிய இந்நிகழ்ச்சியில் மந்திரிகளும் பிரதம மந்திரிகளும் படும் பாட்டைக் கேட்டால், நம்மில் சிலருக்கு வியர்த்துவிடும். ஆனால் அதைப் பேசிவிட்டு, பேசியவர் அன்றிரவு தம் வீட்டிலேயே தூங்குகிறார். தகப்பனாருக்குக் கொலைச் சதியைக் கொண்டு வந்த அதே தொழில், மகளுக்குச் சம்பளத்தைக் கொண்டு வந்தது. இரண்டு ஆட்சிமுறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்கு அரசியல் நூல்கள் பல பக்கம் எழுதும். கோர்ஸந்தி குடும்பத்தைக் காட்டினால் போதும்.

2009-ம் வருஷத்தில் ரேடியோ நான்கு அவருக்கென்றே ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தது. பெயர் 'ஷாப்பி டாக்'. ஒரு கலாசாரத்தில் பிறந்து மற்றொரு கலாசாரத்தில் வளர்வது எப்படி என்பதைப் பற்றி, தம்மைப் போன்ற மற்ற ஹாஸ்யக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அவர் பேசினார். இதற்கு வழி கோலியவர்கள் பிரிட்டனிலுள்ள இந்திய வம்சாவளியினர். 1996-ல் அவர்கள் இதே ரேடியோ நிலையத்தில் 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, இரண்டு வருஷங்களில் அதைத் தொலைக்காட்சிக்கும் கொண்டு போனார்கள். வெள்ளைக்காரர்கள் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் செய்யும் ரகளையைத் தலைகீழாக்கி, இந்தியர்கள் கூட்டமாக ஓர் ஆங்கிலச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் அதே ரகளை செய்வதாக நடித்த காட்சியைப் பார்த்து நாடே சிரித்தது. கேலிப் பொருளாக இருந்தவர்கள் கேலி செய்பவர்களாகிவிட்டார்கள்!

அதே 2009 ஜனவரியில் பி.பி.ஸி. பாரஸீக மொழியில் தொலைக்காட்சி ஒன்றையும் ஆரம்பித்தது. பாரஸீக ரேடியோ ஒலிபரப்பு அதற்கும் வெகு காலம் முந்தியது. 1940 டிசம்பரில் தொடங்கியது. (தமிழ் ஒலிபரப்பு அதற்கு மறு வருஷம் தொடங்கிற்று.) ஆக, ஒரே ஸ்தாபனத்திலிருந்து இரண்டு ஈரானியக் குரல்கள் புறப்பட்டன. ஒன்று, பாரஸீக மொழியில் ஈரானிலுள்ளவர்களுக்கு உலகச் செய்தியைச் சொல்லியது. மற்றொன்று, ஆங்கிலத்தில் பிரிட்டனிலுள்ளவர்களுக்கு ஈரானியக் குடும்பத்தின் கதையைச் சொல்லியது. முன்னதில் வேலை செய்தவர்களுக்கு ஏற்பட்ட தொல்லைகள் கொஞ்சமல்ல. 2017-ல் அவர்களில் நூற்றைம்பது பேருக்கு மேற்பட்டவர்கள் ஈரானில் தங்கள் சொத்துக்களை விற்கவோ வாங்கவோ முடியாதபடி தடை விதிக்கப்பட்டது. அந்தப் பாரஸீக ரேடியோ ஒலிபரப்பும் செலவுச் சுருக்கத்தின் காரணமாக 2023 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சி மாத்திரம் தொடர்ந்தது.

முகமும் பெயரும்

ரேடியோவில் ஒரு பெரிய நன்மை உண்டு. பேசுகிறவரின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஷாபரக்கின் குரல் லண்டன் நகரத்துக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஊரில் பல தலைமுறையாக இருப்பவர் என்றே தோன்றும். பெயர் ஒன்றுதான் வேறு கதையைச் சொல்லும்.

தொலைக்காட்சியில் அப்படியில்லை. மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஹாமர்ஸ்மித் அப்போலோ அரங்கத்திலிருந்து ஒளிபரப்பாகும் 'லைவ் அட் தி அப்போலோ' நிகழ்ச்சியில் அவர் பேசினார். செய்திகளை வைத்து விளையாடும் பல நிகழ்ச்சிகளில் தோன்றினார். மந்திரிகளும் எதிர்க்கட்சியினரும் சபையோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் 'க்வெஸ்சன் டைம்' என்ற அரசியல் நிகழ்ச்சியிலும் உட்கார்ந்தார். 2017-ல் ஆஸ்திரேலியக் காட்டில் பிரபலஸ்தர்களைக் கொண்டுபோய் விட்டு, அவர்கள் படும் அவஸ்தையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சிக்கும் போனார். அந்த வருஷத்தில் ரசிகர்களின் வோட்டினால் முதலாவதாக வெளியேற்றப்பட்டவர் அவரே. ஹாஸ்யக்காரருக்கு இதிலும் நஷ்டமில்லை. தோல்வியைப் போல் நல்ல சரக்கு அவருக்கு வேறு எது?

ஆனால் இங்கேதான் நாம் முதலில் குறிப்பிட்ட விலை வருகிறது. ஆங்கிலேய ஹாஸ்யக்காரர் ஒருவர் மேடையில் ஏறினால், அவர் தமக்காக மட்டும் பேசலாம். தம் மாமியாரைப் பற்றிப் பேசலாம். ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசலாம். ஈரானியப் பெயருள்ளவர் ஏறினால், அவர் ஈரான் தேசம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். ஈரானைப் பற்றிப் பேசினால், 'இவருக்கு வேறு விஷயம் தெரியாதோ?' என்பார்கள். பேசாவிட்டால், 'சொந்த நாட்டை மறந்துவிட்டார்' என்பார்கள். பழைய காலத்தில் அந்நியனைக் கேலி செய்து ஒதுக்கினார்கள். இப்போது மரியாதை செய்து ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவது என்னவோ ஒதுக்குவதுதான்.

இதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார் என்பதற்கு ஒரு சம்பவமே சாட்சி. 2016-ல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. குடிப்பழக்கத்தில் சிக்கிக்கொண்ட ஓர் இளம் பெண்ணின் கதை அது, ஈரானைப் பற்றியதன்று. 2017-ல் வெள்ளையரல்லாத பிரிட்டிஷ் எழுத்தாளர்களுக்கென்று ஏற்பட்ட ஜலக் பரிசின் முதற் பட்டியலில் அந்த நாவல் இடம் பெற்றது. அவரோ பட்டியலிலிருந்து தம் நூலை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பரிசுக்குப் போட்டியிட்டது தம் நாவல் அல்ல, தம் தோலின் நிறந்தான் என்ற எண்ணம் தமக்கு ஏற்பட்டதாக அவர் காரணம் சொன்னார். அவர் செய்தது சரியா என்று அப்போது பலர் வாதம் செய்தார்கள். வெளியில் நிறுத்தப்பட்டவர்களுக்குத் தனிப் பந்தி போடுவது அவசியம் என்பது ஒரு கட்சி. பொதுப் பந்தியில் உட்காரும் வரையில் பசி தீராது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. வந்த கௌரவத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது சுலபமன்று என்பதை மட்டும் இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டாம்பூச்சி

'ஷாபரக்' என்றால் பாரஸீக மொழியில் பட்டாம்பூச்சி. அழகான பெயர்தான். ஆனால் ஆங்கிலேயர் நாக்குக்கு அது சற்றுச் சிரமம் என்று தோன்றியதனால், 'ஷாப்பி' என்று சுருங்கியது. கடல் கடந்து போன நம்மவர்கள் எத்தனை பேர் ராம் ஆகவும் க்ரிஷ் ஆகவும் மாறியிருக்கிறார்கள்! பெயரைச் சுருக்குவது சிறிய விஷயமாகத் தோன்றுகிறது. உச்சரிப்பவருக்குச் சௌகரியம்; கேட்கிறவருக்குப் பயமில்லை. ஆயினும், குரலைத் தவிர வேறொன்றும் தெரியாத ரேடியோவில், தாம் யார் என்று சொல்லும் ஒரே அடையாளம் அந்தப் பெயர்தானே? அதையும் பாதியாக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

பல வருஷங்கள் அந்தப் பாதிப் பெயருடன் பேசிய பிறகு, அவர் தம் முழுப் பெயரையே உபயோகிப்பது என்று தீர்மானித்தார். 2023-ல் வெளியான அவருடைய நூலின் அட்டையில் ஷாபரக் கோர்ஸந்தி என்றே அச்சாகியிருக்கிறது. கவனம் சிதறும் இயல்பைப் பற்றி நாம் மேலே சொன்ன புத்தகம் அதுதான். அறிவிப்பாளர்களும் அந்தப் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். நாக்கு ஒன்றும் உளுக்கிக்கொள்ளவில்லை!

அதற்கு முந்திய வருஷத்தில், 2022 செப்டம்பர் 16-ந் தேதி, மஹ்ஸா அமீனி என்ற இளம் பெண் தெஹ்ரானில் உடை விதிகளைக் கண்காணிக்கும் போலீஸாரின் காவலில் இருந்தபோது இறந்து போனாள். 'பெண், வாழ்வு, சுதந்திரம்' என்ற கோஷத்துடன் ஈரானியப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். லண்டனிலிருந்த ஈரானியக் கலைஞர்களும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஓமித் ஜலீலியும் ஷாபரக் கோர்ஸந்தியும் அவர்களில் இருந்தார்கள். தேச முழுமைக்கும் பிரதிநிதியாக்கப்படுவதை விரும்பாத ஒருவர், தேவையான வேளையில் தாமாகவே முன்வந்து பேசினால் அந்தப் பேச்சின் மதிப்பே வேறு.

தகப்பனார் பாரஸீக மொழியில் எழுதிய கேலியை, லண்டன் தெருவில் போகும் ஆங்கிலேயர் யாரும் படிக்க முடியாது. மகள் ஆங்கிலத்தில் பேசும் கேலியை, தெஹ்ரான் தெருவில் போகிறவர்களில் மிகச் சிலரே கேட்டிருப்பார்கள். ஆயினும் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த சிரிப்புத்தான். தேஹ்கோதா ஸ்விட்ஸர்லாந்துக்கு எடுத்துக்கொண்டு போன அதே மூட்டையைத்தான் ஹாதி கோர்ஸந்தி லண்டனுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். மகள் அதை அவிழ்த்து, வந்த ஊரிலேயே கடை வைத்துவிட்டார்.

தெனாலிராமன் கதையைக் கேட்டுவிட்டு, "ராயர் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று குழந்தைகள் யாராவது கேட்டால், இனி நாம் விழிக்க வேண்டியதில்லை. "ராமன் வேறு ராஜ்யத்துக்குப் போயிருப்பான், அவன் பெண் அந்த ராஜ்யத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் சபை நடுவில் நின்று, தன் முழுப் பெயரையும் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்திருப்பாள்" என்று தைரியமாகச் சொல்லலாம்.